சீர்காழிக் கணக்கு வாத்தியாரின் ஐந்து வரிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1923-ல் தன் நூலகத்துக்கு ஒரு தலைவரைத் தேடியது. சுமார் 900 பேர் மனுப் போட்டார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் ஒருவரும் நண்பர்கள் வற்புறுத்தியதால் மனுப் போட்டிருந்தார். பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நேர்காணலுக்கு முன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைத் திறந்து நூலகம் என்ற கட்டுரையைப் படித்துக்கொண்டார். அந்தத் துறையில் அவருடைய படிப்பே அவ்வளவுதான். வேலை அவருக்கே கிடைத்தது!

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே வாழ்ந்தவருக்கு, ஆள் அரவமற்ற அந்த நூலகம் சிறையாகத் தெரிந்தது. ஒரு வாரம் போவதற்குள் மாநிலக் கல்லூரி முதல்வர் முன் போய் நின்று, பழைய வேலையையே கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வரட்டும், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மனத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

லண்டனில் அவர் கண்டது வேறு உலகம். குழந்தைகளும் தொழிலாளிகளும் சர்வசாதாரணமாக நூலகத்துக்குள் நுழைந்து புத்தகம் எடுத்துப் போனார்கள். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மையையும் பார்த்தார். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப்புது உருவங்கள் வந்தன. நூல்களுக்கும் இப்படிக் கூட்டுக் குறியீடு தரலாமே என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. பிற்காலத்துக் கோலன் பகுப்புமுறைக்கு அதுவே விதை. 1925-ல் திரும்பியவர் மாநிலக் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் வேறொரு முடிச்சு அவரை வாட்டியது.

நூலக வேலைகள் ஆயிரம் இருந்தன. இவை அனைத்துக்கும் அடிப்படையாகச் சில விதிகள் இருந்தாக வேண்டும் என்று கணக்கு படித்த மூளை அடம்பிடித்தது. எவ்வளவு யோசித்தும் முதல் விதியே பிடிபடவில்லை. 1928-ல் ஒருநாள் மாலை, கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எட்வர்டு ராஸ் நூலகத்துக்கு வந்தார். மாணவரின் தவிப்பைக் கேட்டார். புத்தகம் இருப்பது பயன்படுவதற்காக, அதுதானே சொல்ல வருவது என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போனார். அடைப்பு திறந்துகொண்டது.

மற்ற நான்கும் சரசரவென்று வந்தன. வாசகருக்கேற்ற நூல், நூலுக்கேற்ற வாசகர், வாசகரின் நேரத்தை வீணாக்காமை, நின்றுவிடாமல் வளரும் நூலகம். அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் கூடிய மாகாணக் கல்வி மாநாட்டில் ஐந்தையும் அறிவித்தார். நூலகர் ஆன பிறகும் அவர் முதலில் ஆசிரியர்களிடமே பேசியது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. 1931-ல் அந்த விதிகள் புத்தகமாயின. அந்த ஆண்டு அக்டோபரிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. நெல் மூட்டை ஏற்றிய டெல்டா ஊர்களில் வண்டி ஏறிப் புத்தகமும் வந்தது. ஐந்து வரிகளுக்கோ இன்னொரு வாகனம் காத்திருந்தது.

அது கலிபோர்னியாவில் உருவானது. ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் பிரசென்டர் என்றொரு மென்பொருள் எழுதினார்கள். அந்தப் பெயரை வேறொருவர் முன்பே பயன்படுத்திவிட்டதால் கடைசி நேரத்தில் மாற்ற வேண்டியதாயிற்று. 1987-ல் புதுப் பெயரோடு வெளிவந்ததை அதே ஆண்டு மைக்ரோசாப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. புதுப் பெயர்: பவர்பாயிண்ட்.

இன்று பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் பாடநூலே ஸ்லைடு செய்யக் கற்றுத்தருகிறது. நூலகத்தில் தேடிப் படிப்பது எப்படி என்று விளக்கும் வகுப்புகளும் ஸ்லைடில் நடக்கின்றன. பாடம் அங்கேயே முடிந்து பிள்ளைகள் அலமாரியைத் தொடாமல் கலைந்தால், ராஸ் எடுத்துக்கொடுத்த முதல் விதியே தோற்றுவிடும். அந்த விதியும் மற்ற நான்கும் ஒரே ஸ்லைடில் இடம்பிடித்துவிடுகின்றன, எழுத்தைச் சிறிதாக்கவே வேண்டாம்.