பஞ்சத்திலிருந்து பிளேக்குக்கு: 1897, புனே

1897ஆம் ஆண்டுப் புனே என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு நினைவில் எழுவது ராண்ட் கொலை. அதே மாதங்களில் அந்நகருக்குள் வந்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஏதிலிப் பெண்களைப் பற்றிப் பாடநூல்கள் பேசுவதில்லை.

மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டிய வேளையில் பண்டித ரமாபாய் அங்குச் சென்று, ஆதரவற்ற பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துவந்தார். அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 300. பட்டினியால் வற்றிய உடல்கள். வழியில் ஆடவரின் வன்முறைக்கு ஆளானவர்களும் அவர்களுள் இருந்தனர். 1870களின் பஞ்சக்காலத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த ரமாபாய்க்கு அந்நிலை புதிதன்று. ஆனால் புனேயில் அப்போது கொள்ளைநோய். நகருக்குள் கூட்டம் சேர்க்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. எனவே அப்பெண்கள் கேட்காவில் அவர் வாங்கியிருந்த நிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னாளில் முக்தி சதனம் எழுந்தது அங்குதான்.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி. ஆங்கிலத்தின் ‘ரெஃப்யூஜி’ என்பது புகலிடம் அடைந்தவரைச் சுட்டும். மராத்தியின் ‘நிராஷ்ரித்’ ஆசிரயம் அற்றவர். நம் ‘அகதி’ கதியற்றவர். ஆங்கிலச் சொல் கிடைத்ததைச் சொல்கிறது. நம் மொழிகள் இல்லாததைச் சொல்கின்றன. புனேயில் அப்பெண்கள் நின்ற நிலைக்கு நம் சொற்களே பொருந்துகின்றன.

1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த மாதம் முதல் ராண்டின் பொறுப்பில் படைவீரர்கள் வீடுவீடாகச் சோதனையிட்டனர். நெறிக்கட்டி தோன்றும் இடங்கள் அக்குளும் தொடையிடுக்கும். பெண்ணுடலை அந்நிய ஆடவர் சோதிப்பது எத்தகைய கொந்தளிப்பை உண்டாக்கியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மே மாதத்தில் ரமாபாய் ‘பம்பாய் கார்டியன்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அரசின் பிளேக் மருத்துவமனையில் பெண்கள் ஆண் மருத்துவர்களால் கண்ணியமின்றி நடத்தப்பட்டனர். தம் இல்லத்திலிருந்து அனுப்பப்பட்ட பெண்ணொருத்தி திரும்பவில்லை, அங்குள்ள காவலன் ஒருவன் பிடியில் சிக்கினாள் என்பன அவர் குற்றச்சாட்டுகள். செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. ஆளுநர் சேண்ட்ஹர்ஸ்ட் அதனைத் தவறானது என்று ஒதுக்கினார்.

ரமாபாயை நவீன மருத்துவத்தின் எதிரி என்று யாரும் கூற இயலாது. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன், பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும், ஆடவரிடம் நோயைச் சொல்லக் கூசியே பெண்கள் மாள்கின்றனர் என்று சாட்சியளித்தவர் அவர். 1886இல் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற விழாவுக்கு நேரில் சென்றவரும் அவரே. 1897இல் அவர் எழுப்பியது அதே பழைய கோரிக்கைதான். மதமாற்றத்தின் பேரில் அவரைச் சாடிவந்த திலகரின் ‘கேசரி’யும் அவ்வாண்டு பிளேக் நடவடிக்கைகளை எதிர்த்தது. எனினும் இருவரின் அக்கறையும் ஒன்றன்று என்பது என் கருத்து: தேசியவாதிகள் குடும்ப மானத்தைப் பேசினர், ரமாபாய் பேசியதோ மானம் காக்கக் குடும்பமே இல்லாத பெண்களுக்காக.

இங்கிலாந்திலிருந்த கோகலே, படைவீரர்கள் பெண்களிடம் தகாது நடந்ததாகக் கூறி, சான்று காட்ட இயலாமல் மன்னிப்புக் கோரினார். சான்று எவரிடமிருந்து வரவேண்டும் என்பதே நாம் கேட்கவேண்டியது. தடுப்பு முகாமிலிருந்த பெண் வாய்திறந்தால், அவளைத் திரும்ப ஏற்க எத்தனை வீடுகள் இருந்தன?

கேட்காவில், பாலியல் சுரண்டலுக்கு ஆளான பெண்களுக்கென ‘கிருபா சதனம்’ என்னும் தனிப்பிரிவு பின்னர் ஏற்பட்டது. 1900இன் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கிருந்தோர் தொகை ஆயிரத்தைக் கடந்தது.