திருவள்ளுவர் சிலைக் காப்புப் பூச்சு

திருவள்ளுவர் சிலைக் காப்புப் பூச்சு என்பது, கன்னியாகுமரிக் கடலில் உள்ள பாறை மீது நிற்கும் திருவள்ளுவர் சிலையை உப்புக் காற்றின் அரிப்பிலிருந்து காப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்கொள்ளப்படும் பராமரிப்புப் பணியாகும். சிலையில் படிந்த உப்பைக் காகிதக்கூழ் கொண்டு உறிஞ்சி எடுத்தல், கற்களின் இணைப்புகளை அடைத்தல், நீரை விலக்கும் சிலிக்கோன் வகை வேதிப்பொருளைத் தெளித்தல் ஆகியவை இதில் அடங்கும். செய்திகளில் இது பெரும்பாலும் "இரசாயனக் கலவை பூசும் பணி" என்றே குறிப்பிடப்படுகிறது. எனினும் பூசுதல் என்பது இப்பணியின் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முந்தைய கட்டங்கள் சரிவர அமையாவிடில் பூச்சினால் நன்மையை விடத் தீமையே மிகுதியாகும்.

சிலையும் சூழலும்

சிலையைத் திட்டமிட்டு வடித்தவர் சிற்பி வை. கணபதி தபதி (1927–2011) ஆவார். இது 2000 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் நாள் அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறந்து வைக்கப்பட்டது. பீடத்தையும் சேர்த்து இதன் உயரம் 133 அடி. திருக்குறளின் அதிகாரங்களின் எண்ணிக்கையும் 133 ஆகும். பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், சிலையின் 95 அடி ஏனைய இரு பால்களின் அதிகாரங்களையும் குறிக்கின்றன. மொத்த எடை ஏறத்தாழ 7,000 டன் எனக் கூறப்படுகிறது. அம்பாசமுத்திரம், சிறுதாமூர் முதலிய இடங்களிலிருந்து கருங்கற்கள் கொண்டுவரப்பட்டன.

சிலை ஒரே கல்லால் ஆனதன்று. தனித்தனியே செதுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கற்கள் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டுள்ளன. உட்புறம் வெற்றிடமாக விடப்பட்டுள்ளது. எனவே காப்புப் பணியைப் பொறுத்தவரை, கல்லின் முகப்பைப் போலவே கற்களுக்கு இடைப்பட்ட இணைப்புகளும் முக்கியமானவை. நீர் எளிதாக உட்புகும் வழி அவையே.

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் அலைகள் பாறையில் மோதிச் சிதறும் நீர்த்திவலைகள் காற்றில் எழுந்து சிலையின் மேற்பகுதியிலும் படிகின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை பாறையைத் தாக்கியபோது சிலை அசையாமல் நின்றது பலராலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் சிலைக்கு நீண்டகால நோக்கில் உள்ள பகை அத்தகைய பேரலை அன்று. நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் படியும் உப்பே ஆகும்.

உப்பு கல்லைச் சிதைக்கும் விதம்

கடல்நீரில் எடை அளவில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி சோடியம் குளோரைடு, அதாவது கறியுப்பு. கருங்கல் மிகக் குறைந்த நுண்துளைகளைக் கொண்டது. ஆயினும் துளையே இல்லாத கல் என ஒன்றில்லை. உளி பட்ட இடங்களில் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளும் இருக்கும். உப்புநீர் இவற்றின் வழியே உட்புகுகிறது.

காற்றின் ஒப்பீரப்பதன் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது கறியுப்பு ஈரத்தை ஈர்த்துக் கரைந்த நிலையில் இருக்கும். வெயிலில் கல் சூடேறி ஈரப்பதன் அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் உப்பு மீண்டும் படிகமாகும். துளைக்குள் வளரும் படிகம் துளையின் சுவரை அழுத்துகிறது. இரவில் கரைந்து பகலில் படிகமாகும் இச்சுழற்சி ஆண்டுக்கணக்கில் தொடரும்போது கல்லின் மேற்பரப்பு மணல் போலப் பொரிந்து உதிரத் தொடங்கும். பெரிய சுவரொன்றில் இது பெருங்கேடாகத் தோன்றாது. கண், இதழ், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிற்பத்தில் சில மில்லிமீட்டர் இழப்பும் சிற்பியின் கைவண்ணத்தை அழித்துவிடக்கூடும்.

பணியின் கட்டங்கள்

முதலில் சிலையைச் சுற்றி, அதன் தலைக்கு மேலும் உயரும் வகையில், இரும்புக்குழாய்ச் சாரம் கட்டப்படுகிறது. குழாய்கள் அனைத்தும் படகில் கொண்டுவரப்பட வேண்டியவை என்பதால் இதற்கே பல வாரங்கள் ஆகின்றன. பின்னர் நன்னீரால் சிலை கழுவப்படுகிறது.

அடுத்தது காகிதக்கூழ் ஒட்டுதல். தூய நீரில் ஊறவைத்த கூழ் கல்லின் மீது தடிப்பாக அப்பப்படுகிறது. கூழிலுள்ள நீர் கல்லுக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. கூழ் வெளிப்புறமாக உலரும்போது உப்புக் கரைசல் கல்லிலிருந்து கூழுக்கு இழுக்கப்பட்டு அங்கேயே படிகமாகிறது. உலர்ந்த கூழை உரித்தெடுத்தால் உப்பும் உடன் வந்துவிடும். கல்லைச் சுரண்டாமலும் அமிலம் பயன்படுத்தாமலும் உப்பை நீக்கும் இம்முறை உலகெங்கும் தொல்லியல் சின்னங்களில் கையாளப்படுவது. உரித்த கூழை நீரில் இட்டு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சேர்க்கும்போது வெண்ணிற வீழ்படிவு தோன்றினால் குளோரைடு இன்னும் எஞ்சியுள்ளது என்று அறியலாம். பொதுவாக இத்தகைய பணிகளில், உப்பின் அளவு போதிய அளவு குறையும் வரை கூழ் ஒட்டுவது திரும்பத் திரும்பச் செய்யப்படும்.

இதன்பின் கற்களின் இணைப்புகள் செப்பனிடப்படுகின்றன. 2022–23 ஆம் ஆண்டுப் பணியில் இதற்குச் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய் ஆகியவை சேர்ந்த மரபுவழிக் கலவை பயன்படுத்தப்பட்டது. பனை மிகுந்த நாஞ்சில் நாட்டுப் பகுதியில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை என்பது ஒருபுறமிருக்க, இத்தேர்வுக்கு அறிவியல் காரணமும் உண்டு. சிமெந்தில் கரையக்கூடிய உப்புகள் இருப்பதுண்டு. அது கடினமானதும்கூட, வெப்பத்தால் கல் விரியும்போது இணைப்பு விட்டுக்கொடுக்காமல் கல்லின் விளிம்பு உடைய நேரலாம். சுண்ணாம்புக் கலவை சற்று நெகிழ்ந்து கொடுப்பதோடு ஈரத்தையும் வெளியேற விடுகிறது.

இறுதியாக, சிலை நன்கு உலர்ந்த பின்னர் சிலிக்கோன் வகை வேதிப்பொருள் தெளிக்கப்படுகிறது. இதற்கு செருமனியின் வாக்கர் நிறுவனத் தயாரிப்பு பயன்படுத்தப்பட்டது. இத்தகைய பொருள்களில் உள்ள சிலேன், சிலொக்சேன் மூலக்கூறுகள் கல்லிலுள்ள சிலிக்கேற்றுடன் பிணைந்துகொள்கின்றன. அவற்றின் நீர்வெறுக்கும் முனைகள் வெளிப்புறம் நோக்கி நிற்பதால் நீர் பரவாமல் துளிகளாகத் திரண்டு வழிந்துவிடுகிறது.

மூடும் பூச்சும் மூச்சுவிடும் பூச்சும்

தெளித்துப் பூசப்படும் காப்புப் பூச்சுகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகை பொருளின் மீது இடைவெளியற்ற படலமாக அமைந்து நீரையும் காற்றையும் முற்றாகத் தடுப்பது. சிறு சரக்குந்துகளின் சுமைத்தளத்திலும், கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாற்சக்கர மோட்டார் வண்டிகளின் மட்காப்பு, கால்தாங்கி, சுமைச்சட்டம் போன்ற உறுப்புகளிலும் தெளிக்கப்படும் பாலியூரித்தேன், பாலியூரியா பூச்சுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவற்றில் இரு கூறுகள் தெளிப்பானின் முனையில் கலக்கின்றன. பாலியூரியா சில நொடிகளிலேயே இறுகிவிடும். சில மில்லிமீட்டர் தடிப்புள்ள இரப்பர் போன்ற தோல் உருவாகி, கல்லடியையும் உராய்வையும் தாங்குகிறது. இரும்புக்கு இது பொருத்தமானதே. எனினும் துருவையும் உப்பையும் நீக்காமல் தெளித்தால் பூச்சுக்கு அடியில் துரு பரவும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. கடற்கரையோர வண்டிகளில் இது அடிக்கடி நிகழ்வது.

சிலைக்கு இவ்வகைப் பூச்சு பொருந்தாது. இணைப்புகள் வழியாகவும் உட்புற வெற்றிடத்தின் வழியாகவும் ஈரம் எப்படியும் கல்லினுள் வந்து சேரும். மேற்பரப்பை முழுதாக மூடிவிட்டால் அது வெளியேற வழியின்றி, உப்பு படலத்துக்குப் பின்னாலேயே படிகமாகிப் படலத்தையும் கல்லின் மேல்தோலையும் சேர்த்து உரித்துவிடும். நீர்த்துளியைத் தடுத்து நீராவியை வெளியேற விடும் சிலிக்கோன் வகையே இங்கு ஏற்றது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்லின் நிறத்தையும் மாற்றுவதில்லை. உப்பை நீக்காமல் இதைத் தெளித்தாலும் முன்சொன்ன கேடு ஓரளவு நேரும் என்பதாலேயே காகிதக்கூழ்க் கட்டத்திற்கு அவ்வளவு காலம் செலவிடப்படுகிறது.

பணி நடைபெற்ற காலங்கள்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பணியை மேற்கொள்வது நடைமுறையாகக் கொள்ளப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் நடைபெற்ற பணிக்குப் பின்னர், கொரோனா பெருந்தொற்றினால் அடுத்த சுற்று தாமதமானது. அது 2022 சூன் மாதத்தில் தொடங்கி, மழையாலும் காற்றாலும் நீண்டு, 2023 மார்ச்சு மாதத்தில் பார்வையாளர்கள் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் எடுத்துக்கொண்டது. செலவு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். அக்காலத்தில் படகுகள் விவேகானந்தர் பாறைக்கு மட்டும் இயக்கப்பட்டன. தொலைவிலிருந்து வந்த பயணிகள் சாரத்தால் மறைக்கப்பட்ட சிலையைப் பார்த்துத் திரும்ப நேர்ந்தது. உலர்ந்த காலநிலை தேவைப்படும் ஒரு பணி பருவமழையின் தொடக்கத்தில் ஆரம்பிக்கப்பட்டது இத்தாமதத்திற்கு ஒரு காரணம் எனலாம்.

வட்டாரத்தின் பிற காப்புப் பூச்சுகள்

உப்பிலிருந்தும் ஈரத்திலிருந்தும் பொருள்களைக் காக்கும் பழக்கம் இப்பகுதியில் பழமையானது. தென்மேற்குக் கடற்கரை மீனவர்கள் மரவள்ளங்களுக்கு மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் பூசி வந்தனர். 1980களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டபோது அவற்றின் மீது கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த உறை இடப்பட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போல் பளபளக்கும் கருந்தரை, சுண்ணாம்புடன் கொட்டாங்குச்சிக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 ஆம் நாள் திறக்கப்பட்டது. இதன் வளைவுகள் எஃகாலானவை. எஃகுக்கு வேண்டியது மூடும் வகைப் பூச்சு என்பதால், அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டிற்கும் ஒரே பராமரிப்பு முறை பயன்படாது.