செங்கல்லும் தபாற்பெட்டியும்

ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரிலே பிரௌவன்கிர்கே என்றொரு தேவாலயம் உண்டு. 1945 பெப்ரவரியில் பொழிந்த குண்டுகளின் தீயில் வெந்து, அதன் கல்மாடம் இடிந்து வீழ்ந்தது. பின்வந்த கம்யூனிச ஆட்சி அந்நகரிலே அகன்ற வீதிகளையும் கொங்கிரீட் மாடிகளையும் எழுப்பிற்று. சோபியா தேவாலயத்தின் எஞ்சிய சுவர்களை 1960களில் அகற்றியும் விட்டது. பிரௌவன்கிர்கேயின் கற்குவியல் மட்டும் நாற்பதாண்டுக்கு மேலாகக் கிடந்தது. 1989இல் அவ்வாட்சி ஆட்டங்கண்டதும் ஊரவர் கூடிப் பணந்திரட்டலாயினர். 2005இல் ஆலயம் மீண்டெழுந்தது. பழைய கற்கள் கறுத்தும் புதியவை வெளிறியும் இன்றும் சுவரிலே தெரிகின்றன. மணி ஒலிக்கிறது, வழிபாடு நடக்கிறது. ஆனால், அதனைச் சூழ எழுந்த வீடுகள் பலவற்றில் முகப்பு மட்டுமே பழைய பாணி. உள்ளே ஹோட்டல்களும் கடைகளும்.

இந்த வேறுபாடு நமக்கும் உரியது. நுவரெலியாவின் செங்கல் தபாற் கந்தோர் 1894இல் கட்டப்பட்டது. மணிக்கூட்டுக் கோபுரமும் கூர்ங்கூரையுமாக, துரைமார் தம் ஊரை நினைத்துக் கட்டிய கட்டடம். அதனைச் சுற்றுலாத் தேவைக்கெனக் கையளிக்கும் முயற்சி எழுந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஹோட்டலானாலும் செங்கல் அப்படியேதானே இருக்கும் என்றார் என் நண்பர் ஒருவர். இருக்கும்தான். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. பழைய இயந்திரங்களையும் பேணி வைத்திருக்கிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆயினும், கொழுந்துக் கூடையோடு ஏறிய பெண்ணுக்கு அது இன்று அந்நியர் வாசல்.

தபாற் கந்தோரின் கதை வேறு. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. தமக்கை இங்கே, தங்கை அங்கே. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்களோடு உறவைக் கட்டி வைத்தது கடிதம் ஒன்றே. நம் தோட்டத்தவர்க்கு வரும் கடிதங்களோ தோட்டக் கந்தோருக்கே போய்ச் சேரும்.

என் பாட்டிக்கு எழுத்தறிவில்லை. கூடலூரிலிருந்த தங்கைக்கு யாரையாவது பிடித்து எழுதுவிப்பார். தோட்டத்துத் தபாற்பையை நம்பமாட்டார். சம்பளத்துக்கு மறுநாள் நுவரெலியாவரை நடந்து வந்து, அந்தச் செங்கல் வாசலில் முத்திரை வாங்கித் தம் கையாலேயே பெட்டியில் இடுவார். மறுமொழி மட்டும் தோட்டக் கந்தோர் வழியாகத்தான் வந்தது, பலதடவை பிரிக்கப்பட்டபடி.