ஊர்ப்பெயர் ஆடைப்பெயரான வரலாறு

தில்லியின் தென்மேற்கே துவாரகாவில் குடியேறி வாழும் நம்மவரை அண்டை அயலார் சிலர் இன்றும் 'மதராசி' என்றே குறிப்பிடுகின்றனர். 1969-ஆம் ஆண்டில் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1996-இல் தலைநகரின் பெயர் சென்னை ஆயிற்று. எனினும் பழம்பெயர் நம்மை விட்டபாடில்லை. அப்பெயர் ஆங்கில அகராதியிலும் நிலைத்திருக்கிறது. அங்கே 'மெட்ராஸ்' என்பது ஊரை மட்டும் குறிப்பதன்று. பலவண்ண நூலால் கட்டமிட்டு நெய்த மெல்லிய பருத்தித் துணியையும் குறிக்கும். ஊர்ப்பெயர் துணிப்பெயரானது எங்ஙனம்?

நம் நாட்டு வழக்கிலிருந்து ஆங்கிலம் பெற்ற உடைச்சொற்கள் பல. அவற்றுள் 'பைஜாமா' என்பது பாரசீகத்தில் காலுக்குரிய ஆடை. 'காக்கி' என்பது புழுதி நிறம். இவை ஆடையின் இயல்பைக் கூறுவன. கோழிக்கோட்டின் பெயர்கொண்ட 'காலிகோ'வும், பழவேற்காட்டின் பெயர்கொண்ட 'புலிகட்' கைக்குட்டையும், 'மெட்ராஸ்' துணியும் அத்தகையன அல்ல. அவை சரக்குக் கப்பலேறிய கரையைக் கூறுவன. வாங்கியவர் அறிந்தது துறைமுகத்தையே. தறி இருந்த சிற்றூரை அவர் அறியார்.

1639-இல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே மதராசபட்டினத்தில் இடம் பெற்றார். அங்கே கப்பல் ஒதுங்க நல்ல துறைமுகம் இல்லை. அலை மோதும் வெறுங்கரையே இருந்தது. ஆயினும் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. பின்னர் 1734-இல் நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றக் கம்பெனியார் ஒரு பேட்டை அமைத்தனர். அதுவே சிந்தாதிரிப்பேட்டை, 'சின்னத் தறிப்பேட்டை' என்பதன் மரூஉ என்பர்.

சதுரம் சதுரமாகத் தொடர்ந்து நெய்யப்பட்டமையால் இத்துணி 'மெட்ராஸ் கைக்குட்டை' எனப்பட்டது. அதன் பயணத்தில் வருந்தத்தக்க பகுதியும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதரை அடிமைகளாக வாங்குவதற்கு ஈடாகக் கொடுத்த பண்டங்களுள் இந்தியப் பருத்தித் துணியும் ஒன்று. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இக்கட்டத் துணியை 'இஞ்சிரி' என்பர். அதன் இழைகளை வெட்டி உருவிப் புதுக்கோலம் படைப்பர். பிறப்பிலும் இறப்பிலும் அதைப் போற்றிப் பயன்படுத்துவர். கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் ஆகியவற்றின் பெண்டிர் அதனைத் தலையில் கட்டினர். இன்று அது அவர்தம் மரபுடையின் சின்னம்.

அமெரிக்காவிலோ, 1950-களின் இறுதியில் வந்திறங்கிய மெட்ராஸ் சட்டைகள் சலவையில் சாயம் கசிந்தன. வணிகர் அதை மறைக்கவில்லை. துவைக்குந்தோறும் வண்ணங்கள் கலந்து புதுமை பெறும் என்று அக்குறையையே சிறப்பாக விளம்பரம் செய்தனர். சட்டையும் பெயர்பெற்றது.

பற்பல சிற்றூர்களின் கைத்திறனைத் தொலைவிலிருந்து நோக்கியவர் ஒரு கடற்கரையின் பெயரால் அழைத்தனர். பல மொழியினரான தென்னாட்டாரை வடபுலத்தார் 'மதராசி' என ஒன்றாக அழைத்ததும் அவ்வகையினதே. இரண்டிலும் தெரிவது அழைத்தவரின் தொலைவேயன்றி அழைக்கப்பட்டவரின் தன்மையன்று. அடுத்த முறை அப்பெயர் நம் செவியில் விழும்போது, நம் ஊர் எது, நம் மொழி எது என்று விளக்கிச் சொல்வோம். அத்துடன், அப்பெயரை உலகெங்கும் பரப்பியது தறியில் அமர்ந்து உழைத்தவரின் கைத்திறனே என்பதையும் நம் பிள்ளைகளுக்குக் கூறுவோம்.