கணையப் புற்றுநோய்: கூட்டு மருந்துப் பரிசோதனைகள்

இரைப்பைக்கும் முதுகெலும்புக்கும் இடையே மறைந்து கிடக்கும் கணையத்தில் தோன்றும் புற்றுநோய், ஆரம்பத்தில் யாதொரு குறியும் காட்டாது வளர்ந்து, பெரும்பாலோரிடத்து ஈரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவிய பின்னரே வெளிப்படுவதால், சத்திர சிகிச்சைக்கு இடமின்றி, மருந்தொன்றே கதி என்னும் நிலை உண்டாகிறது. எம்மருந்தை எதனோடு சேர்த்தளித்தால் ஆயுள் நீளும், வேதனை தணியும் என்பதை, நோயாளிகளின் சம்மதத்தோடு அவர்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு அறிவதே இப்பரிசோதனைகளின் நோக்கம்.

1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் ஹைடெல்பர்கர் குழுவினர் உருவாக்கிய 5-ஃபுளூரோயுராசில், சிறந்த வேறொன்று இன்மையால் இந்நோய்க்கு நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. 1997-ல் ஹோவர்டு பரிஸ் குழுவினர், 126 பேரிடம் ஜெம்சிடபைனை அதனோடு ஒப்பிட்டு வெளியிட்ட முடிவின்படி, உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 4.41 மாதத்தினின்று 5.65 மாதமாகவும், ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் தொகை நூற்றுக்கு 2-லிருந்து 18 ஆகவும் உயர்ந்தன. வலி தணிந்ததா, எடை கூடியதா, நடமாடும் வலிமை மீண்டதா என்பனவற்றையும் சிகிச்சையின் பலனாகக் கணக்கிட்டமை அப்பரிசோதனையின் தனிச்சிறப்பு.

பின்னர் ஜெம்சிடபைனோடு பற்பல மருந்துகளை இணைத்துப் பார்த்த முயற்சிகளுள் பெரும்பாலானவை பலிக்கவில்லை. 2007-ல் எர்லோடினிபைச் சேர்த்து 569 பேரிடம் கண்ட நன்மையும் ஏறத்தாழப் பத்து நாள் அளவினதே. 2011-ல் பிரான்ஸ் தேசத்துத் தியெரி கான்ராய் குழுவினர் வெளியிட்ட ஆய்வே திருப்பத்தை விளைவித்தது: ஃபுளூரோயுராசில், லூக்கோவோரின், இரினோடெக்கான், ஆக்சாலிப்ளாட்டின் ஆகிய நான்கும் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ், 342 பேரிடம் ஜெம்சிடபைனுடன் ஒப்பிடப்பட்டு, 6.8 மாதத்துக்கு எதிராக 11.1 மாதம் அளித்தது. ஆயினும் வெள்ளணுக்கள் குன்றுதல், பேதி, கைகால் மரத்தல் முதலிய உபத்திரவங்கள் மிகுந்தமையின், தேக வலிமை உடையோர்க்கே அது ஏற்றதாயிற்று. 2013-ல் டேனியல் வான் ஹாஃப் குழுவினர் 861 பேரிடம் சோதித்த, ஆல்புமின் புரதத்தோடு பிணைத்த பாக்லிடாக்சலும் ஜெம்சிடபைனும் சேர்ந்த முறை, 6.7 மாதத்தை 8.5 ஆக்கியது. 2023-ல், கொழுப்பு நுண்குமிழிகளில் அடைத்த இரினோடெக்கானைக் கொண்ட நால்மருந்துக் கூட்டு, 770 பேரிடம் அம்முறையோடு ஒப்பிடப்பட்டு, 9.2-க்கு எதிராக 11.1 மாதம் தந்தது.

நோயாளருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோரிடம் காணப்படும் கேராஸ் மரபணு மாற்றத்தைத் தாக்கும் மருந்துகள் இன்று சோதனையில் உள்ளன. ஒரு பரிசோதனையில் வென்ற மருந்தே அடுத்ததில் ஒப்பீட்டுக்குரிய அளவுகோலாக நிற்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஆதலால் புதியதைப் பெற்றோர் மாத்திரமன்றி, பழையதையே பெற்று அவ்வொப்பீட்டை இயலச் செய்த நோயாளிகளும், இங்கு ஈட்டப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் சமமான உரிமை உடையவர்கள்.