அராஜகமும் ஓர் ஆணையும்

'அராஜகம்' என்னும் சொல்லை நாம் குழப்பம், அடாவடி என்னும் பொருளிலேயே வழங்கி வருகிறோம். அதன் நேர்ப்பொருள் அரசன் இல்லாமை என்பதுதான். ஆள்வோர் இல்லாவிடினும் மனிதன் தன் மனச்சான்றைத் துணைகொண்டு ஒழுங்காக வாழ்வான் என்பது அராஜகவாதிகளின் நம்பிக்கை. உருசியப் பிரபு குடும்பத்தில் பிறந்த குரொபொட்கின், 1902-இல் வெளியிட்ட நூலில், உயிரினங்கள் நிலைபெற்றதில் போட்டியைப் போலவே பரஸ்பர உதவிக்கும் பெரும் பங்குண்டு என வாதிட்டார். இதனை வெறுங்கனவு என்று ஒதுக்குவதற்கில்லை. அது பெரிய அளவில் சோதிக்கப்பட்ட களம் ஒன்று வரலாற்றில் உண்டு: 1936-ஆம் ஆண்டு ஸ்பெயின்.

அவ்வாண்டு சூலையில் படைத்தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தனர். பார்சலோனாவில் அவர்களை முறியடித்ததில் பெரும்பங்கு அராஜகவாதத் தொழிற்சங்கத்தினருடையது. நகரின் அதிகாரமும் நடைமுறையில் அவர்கள் கைக்கே வந்தது. டிராம் வண்டிகளையும் ஆலைகளையும் தொழிலாளரே நடத்தினர். அரகோன் பகுதியில் சிற்றூர்கள் பல நிலத்தைப் பொதுவாக்கின. சில ஊர்கள் பணத்தையே ஒழித்துப் பண்டங்களுக்குச் சீட்டு வழங்கின. எல்லாரும் விரும்பிச் சேர்ந்தனர் எனச் சொல்ல இயலாது. துப்பாக்கிக்கு அஞ்சிச் சேர்ந்தோரும் உண்டு. எனினும் உழைப்பும் பங்கீடும் நடந்தன.

அதே கோடையில், அதே அரகோனில், பார்பாஸ்த்ரோ மறைமாவட்டம் தன் குருக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இழந்தது. ஆயர் புளோரெந்தினோ அசென்சியோ கொல்லப்பட்டார். கிளரேசியன் சபையினர் 51 பேர் கொலையுண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குருத்துவ மாணவர். 1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவர்களை முத்திப்பேறு பெற்றோர் என அறிவித்தார். நாடு முழுவதும் கொலையுண்ட குருக்கள், துறவியர், அருட்சகோதரியர் தொகையை 6,832 எனக் கணக்கிட்டது 1961-இல் வெளிவந்த அந்தோனியோ மொந்தேரோவின் ஆய்வு. குருமடத்தில் தம் இளமையைக் கழித்த எவரும் அப்பட்டியலை எளிதில் புரட்டிச் செல்ல முடியாது.

இக்கொலைகள் யாவும் அராஜகவாதிகள் செய்தவை அல்ல. அவர்கள் அனைவரும் கொலைஞரும் அல்லர். அவர்களுள் ஒருவரான ஹுவான் பெய்ரோ என்னும் கண்ணாடித் தொழிலாளி, மத்தாரோ நகரச் செய்தித்தாளில் இக்கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தெழுதினார். ஆக, மனச்சான்று அங்கே ஊமையாக இருக்கவில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டியவர்களை நிறுத்தும் உரிமைதான் எவரிடமும் இல்லை.

நவம்பர் 4 அன்று வரலாறு காணாத ஒன்று நிகழ்ந்தது. அரசையே மறுத்தவர் நால்வர் அமைச்சராயினர். பெய்ரோ அவர்களுள் ஒருவர். நீதித்துறை கார்சியா ஒலிவேருக்குக் கிடைத்தது! ஆனால் என் மனம் நிலைப்பது அமைச்சர்களிடம் அன்று. மெல்ச்சோர் ரொட்ரீகெஸ் என்னும் அராஜகவாதியிடம்.

செவில்லியில் 1893-இல் பிறந்தவர் இவர். இளமையில் காளைப்போர் வீரர். மத்ரித் சிறைகளிலிருந்து கைதிகள் இரவில் கொண்டுசெல்லப்பட்டுப் பராக்குவெல்யோஸ் என்னுமிடத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டிருந்த நேரம். சிறைகளின் பொறுப்பு இவர் கைக்கு வந்ததும் ஓர் ஆணை பிறந்தது: மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை தம் அனுமதியின்றி எக்கைதியும் சிறையைவிட்டு வெளியேறலாகாது. கொலைகள் நின்றன. இடையில் இவர் பதவி விலகியபோது அவை மீண்டும் தொடங்கின. டிசம்பர் 4 அன்று இவர் திரும்பிவந்ததும் ஓய்ந்தன. நான்கு நாள் கழித்து, அமல உற்பவித் திருநாளன்று, விமானக் குண்டுவீச்சால் வெகுண்ட கூட்டம் அல்காலா சிறையை முற்றுகையிட்டது. இரு நாட்களுக்கு முன்னர்தான் குவாதலஹாரா சிறையில் அத்தகைய கூட்டம் சுமார் முந்நூறு பேரைக் கொன்றிருந்தது. மெல்ச்சோர் பல மணி நேரம் தனியே எதிர்நின்று வாதாடினார். மீறி நுழைந்தால் கைதிகள் கையிலேயே ஆயுதங்களைக் கொடுப்பேன் என எச்சரித்தார். சுமார் 1,500 பேர் உயிர் பிழைத்தனர்.

எந்தச் சட்டமும் அவருக்கு இரக்கத்தைக் கற்பிக்கவில்லை. அவ்வளவில் அராஜகவாதிகள் சொன்னது மெய்யே. எனினும் அந்த இரக்கம் பிறர் உயிரைக் காக்க, ஒரு பதவியும் ஒரு கையெழுத்தும் தேவைப்பட்டன. மனிதன் மனிதனை அடக்கியாள்வது பாவத்தின் விளைவு என்றார் புனித அகுஸ்தீனார். பாவமே நுழையாத நிலையிலும் பொதுநன்மைக்காக வழிநடத்தும் ஆட்சி இருந்திருக்கும் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். வகுப்பறையில் இவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்திப் படித்தோம். அல்காலா சிறைவாயிலில் நின்றவரோ முன்னவர் அஞ்சிய ஆட்சியை வெறுத்து, பின்னவர் சொன்ன ஆட்சியைச் செலுத்தினார்.

இதைக் கொண்டு அரசே நன்னெறியின் காவல் எனத் துள்ளவும் இடமில்லை. பிராங்கோவின் ஆட்சியில் சட்டமும் நீதிமன்றமும் முத்திரையும் இருந்தன. அவற்றின் பெயராலேயே, கொலைகளைக் கண்டித்த பெய்ரோ 1942-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்பெயின் ஆயர்களுள் மிகப் பலர் 1937-இல் கூட்டுமடல் வெளியிட்டு அத்தரப்பை ஆதரித்திருந்தனர். கையொப்பமிட மறுத்த தர்ராகோனா கர்தினால் விதால் நாடு திரும்பாமலே 1943-இல் இறந்தார்.

மெல்ச்சோரையும் புதிய அரசு சிறையிலடைத்தது. படைநீதிமன்றத்தில் அவருக்காகச் சான்று பகர்ந்தவர், அவரால் உயிர்பிழைத்த தளபதி முஞோஸ் கிராந்தெஸ். விடுதலைக்குப் பின்னும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1972-இல் மத்ரித்தில் இறந்தார். அடக்கத்துக்கு இரு தரப்பினரும் வந்திருந்தனர். பெட்டியின்மேல் அராஜகவாதிகளின் கறுப்பும் சிவப்புமான கொடி விரிக்கப்பட்டிருந்தது. சுற்றி நின்றோர் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' எனச் செபித்தனர்.