காட்டில் மறைந்து தோட்டத்தில் வாழும் மரம்

பெஞ்சமின் பிராங்ளினைப் பற்றி இயற்பியல் நூல்களில் படித்திருப்பீர்கள். மின்னலும் மின்சாரமே என்பதை நிறுவப் பட்டம் விட்டவர். கட்டடங்களுக்கு இடிதாங்கியைத் தந்தவர். அவர் பெயரை ஒரு மரமும் தாங்கி நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 'பிராங்ளினியா அலடமாகா' என்பது அதன் தாவர இயல் பெயர். இன்று எந்தக் காட்டிலும் அது இயற்கையாக வளரவில்லை. ஆயினும் அது அழிந்துவிடவும் இல்லை. இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது?

அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் பார்ட்ராம் (1699–1777) ஓர் உழவர். கல்லூரியில் பயிலாமல் தாவர இயலைத் தாமே கற்றவர். 1728-இல் பிலடெல்பியாவுக்கு அருகே ஓர் ஆற்றங்கரையில் நிலம் வாங்கித் தோட்டம் அமைத்தார். அமெரிக்கச் செடிகளின் விதைகளைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பி வந்தார். பிராங்ளின் அவருடைய நெருங்கிய நண்பர். அமெரிக்கா அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1765-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், ஆண்டுக்கு 50 பவுன் ஊதியத்தில் அவரை அரச தாவர இயலாராக நியமித்தார்.

அவ்வாண்டே ஜான், தம் மகன் வில்லியமுடன் (1739–1823) தென்பகுதிக்குப் பயணமானார். அக்டோபர் 1 அன்று ஜார்ஜியாவில், அலடமாகா ஆற்றின் அருகே இருவரும் வழி தவறினர். அந்த இடத்தில் விந்தையான சில செடிகளைக் கண்டதாக ஜான் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவற்றுள் ஒன்றுதான் நம் மரம்.

ஆனால் பூக்கும் பருவம் கடந்துவிட்டிருந்தது. இது சிறு குறையன்று. சுவீடன் அறிஞர் லின்னேயசின் முறைப்படி, பூவின் மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் கொண்டே அக்காலத்தில் தாவரங்களை வகைப்படுத்தினர். பூவைக் காணாதவரை, கண்டது புதிய இனமா, தெரிந்த இனமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1773-இல் வில்லியம் மீண்டும் தெற்கே புறப்பட்டார். லண்டன் மருத்துவர் ஜான் பாதர்கில் பொருளுதவி செய்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் பழைய இடத்தைத் தேடிச் சென்று மரத்தின் மலர்களைக் கண்டார். ஐந்து வெண்ணிற இதழ்கள், நடுவே பொன்னிறத்தில் திரளான மகரந்தத் தாள்கள்! நீலகிரியில் தேயிலைப் பூவைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. இம்மரமும் தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கோர்டோனியா என்ற உறவு மரத்துடன் பூவையும் காயையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனிப் பேரினம் என்று வில்லியம் முடிவு செய்தார்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் செய்தார். விதைகளைச் சேகரித்துத் தந்தையின் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். இம்மரத்தின் காய் முற்றுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், விதை கிடைப்பதும் எளிதன்று. 1785-இல் உறவினர் ஹம்ப்ரி மார்ஷல் வெளியிட்ட நூலில் பிராங்ளினியா என்ற பெயர் முதன்முதலாக அச்சேறியது.

தம் நீண்ட பயணங்களில் வேறெங்கும் இம்மரத்தைக் காணவில்லை என்றும், அந்த ஓரிடத்திலே இரண்டு மூன்று ஏக்கர் பரப்பில் மட்டுமே அது வளர்ந்தது என்றும் வில்லியம் 1791-இல் எழுதினார். 1803-இல் ஜான் லையன் என்ற தாவர சேகரிப்பாளர் அங்கே சென்றபோது சில மரங்களே எஞ்சியிருந்தன. அதன்பின் அதைக் காட்டில் கண்டதற்கு உறுதியான சான்று இல்லை. பலர் தேடியும் பலனில்லை. முதலில் கண்டதற்கும் இறுதியாகக் கண்டதற்கும் இடையே 38 ஆண்டுகளே!

வெள்ளம், தீ, சேகரிப்பாளர்கள் மிகுதியாகப் பிடுங்கிச் சென்றது, பருத்தி வயல்களிலிருந்து பரவிய மண்நோய் எனப் பல காரணங்களை அறிஞர்கள் கூறுகின்றனர். எதுவாயினும், இரண்டு மூன்று ஏக்கருக்குள் ஓர் இனம் முழுவதும் அடங்கியிருந்தால், ஒரே இடரில் அது முற்றிலும் அழிந்துவிடக்கூடும்.

இன்று பல நாடுகளின் பூங்காக்களில் வளரும் பிராங்ளினியா மரங்கள், பார்ட்ராம் தோட்டத்து மரங்களின் வழித்தோன்றல்கள் என்றே கருதப்படுகின்றன. வில்லியம் உலர்ந்த கிளைகளை மட்டும் தாளில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தால், நமக்கு ஒரு பெயரும் சில சருகுகளுமே மிஞ்சியிருக்கும்.

எனினும் தோட்டம் காட்டுக்கு ஈடாகாது. சில விதைகளிலிருந்து பெருகிய மரங்களிடையே மரபு வேறுபாடு குறைவு. ஆகவே புதிய நோயைத் தாங்கும் ஆற்றல் அவற்றுள் சிலவற்றுக்கேனும் இருக்கும் வாய்ப்பும் குறைவு. வேரழுகல் நோய்க்கு இம்மரம் எளிதில் இரையாவதைத் தோட்டக்காரர்கள் நன்கு அறிவர்.

புதிய இனத்தைக் கண்டு பெயரிட்டவுடன் கண்டுபிடிப்பு முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். அது வேறெங்கு வளர்கிறது, எத்தனை எஞ்சியுள்ளன, அதன் விதை முளைக்கிறதா என்ற கேள்விகளுக்கும் விடை காண வேண்டும். பிராங்ளினியாவைப் பொறுத்தவரை, அக்கேள்விகளைக் கேட்பதற்கு மனிதனுக்குக் கிடைத்த காலம் 38 ஆண்டுகள்தாம்.